விருந்தாளிகள் கிளம்பும் பருவம்: நகரத்துக் குளங்கள், பூங்காக்கள் பற்றிய வாசகர் கேள்விகள்

மாசி பிறந்ததிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நகரத்துக் குளங்களையும் பூங்காக்களையும் அங்கு தென்படும் பறவைகளையும் பற்றியவை. ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். தம் கேள்வி வேறொருவர் கடிதத்தில் கலந்துவிட்டதாக நினைப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பறவை பார்க்கத் தொடங்கி ஓராண்டுதான் ஆகிறது. நான் படித்த ஆங்கில நூல்கள் எல்லாம் வசந்தத்தைப் பறவைகள் வந்து சேரும் காலம் என்று கொண்டாடுகின்றன. அதை நம்பிப் பங்குனி முழுவதும் வாரந்தோறும் பள்ளிக்கரணைக்குப் போனேன். வாரத்துக்கு வாரம் வாத்துகள் குறைந்தனவே தவிர, கூடவில்லை. நான் எங்கே தவறினேன்?
(ஒரு வாசகர், வேளச்சேரி)

உங்கள் நூல்கள் சொல்வது அவை எழுதப்பட்ட ஊருக்குப் பொருந்தும். வட ஆசியாவில் பனி உருகி, பகல் நீண்டு, பூச்சிகள் பெருகும்போது அங்கே பறவைகள் வந்து இறங்குகின்றன என்றால், அவை வேறோர் இடத்திலிருந்து கிளம்பியாக வேண்டும். அப்படிக் கிளம்பும் இடங்களில் ஒன்று உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள சதுப்பு நிலம். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி நம்மிடம் வலசை வந்த ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் மாசியிலேயே மூட்டை கட்டத் தொடங்கிவிடுகின்றன. எல்லோருக்கும் முன்பாக வந்து எல்லோருக்கும் பின்பாகப் போகும் வழக்கமுடைய நீலச்சிறகு வாத்து மட்டும் சித்திரை வரை சிறு கூட்டங்களாகத் தங்கியிருக்கும். பூங்கா மரங்களிலும் இதே கதைதான். மாங்குயிலும், நீண்ட வால் அசைய நிழலில் திரியும் அரசவால் ஈப்பிடிப்பானும், கல்யாண முருங்கைப் பூவையும் இலவம்பூவையும் மொய்த்துக் கூச்சலிட்டுக்கொண்டிருந்த சூறைக்குருவிக் கூட்டமும் ஏப்ரல் முடிவதற்குள் காணாமல் போய்விடும்.

ஆகவே நம் ஊரில் இந்தப் பருவத்தை வழியனுப்பும் பருவம் என்று வைத்துக்கொள்வதுதான் பொருத்தம். இதை நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள். சத்திமுத்தப் புலவர் தம் வறுமையை மனைவிக்குச் சொல்லி அனுப்பியது, தெற்கே குமரியில் நீராடிவிட்டு வடக்கே திரும்பப் போகும் செங்கால் நாரையிடம். வந்து இறங்குகிற நாரையிடம் அவர் அந்தத் தூதைச் சொல்லியிருக்க முடியாது.

எண்ணிக்கை குறைவதால் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். குளிர்காலம் முழுவதும் சாம்பலும் பழுப்புமாக, ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய முடியாமல் நம்மைத் திணறடித்த கரைப்பறவைகள், கிளம்புவதற்குச் சற்று முன்புதான் இனப்பெருக்கக் காலத்து உடைக்கு மாறுகின்றன. கருவால் மூக்கனின் கழுத்தும் மார்பும் செங்கல் நிறம் ஏறத் தொடங்குகின்றன. மீசை ஆலாவின் தலையில் கருந்தொப்பியும் வயிற்றில் கரும்புகை நிறமும் படர்கின்றன. ஒரே கூட்டத்தில் முழுவதும் மாறியதும், பாதி மாறித் திட்டுத்திட்டாக நிற்பதும், மாறவே தொடங்காத இளம் பறவையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் அந்தக் காட்சி மார்ச் பின்பாதியிலிருந்து ஏப்ரல் முதல் இரண்டு வாரங்கள் வரைதான் கிடைக்கும். டிசம்பரில் ஆயிரம் வாத்து பார்ப்பதைவிட எனக்கு அந்த நான்கு வாரங்கள் பிடிக்கும்.

ஊரை விட்டு அகலாத பறவைகளும் இப்போது உடை மாற்றுகின்றன. வெள்ளையாகவே பார்த்துப் பழகிய உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறமாகும். குருட்டுக்கொக்கு என்று நாம் அலட்சியமாகக் கடந்துபோகும் மடையானின் முதுகு கருஞ்சிவப்பாகும். புதிதாகப் பறவை பார்ப்பவர்கள் இவற்றைப் புதிய பறவைகள் என்று எண்ணி எழுதும் கடிதங்கள் ஆண்டுதோறும் எனக்கு வருகின்றன. பள்ளிக்கரணை, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற ஈரநிலம். வாத்துகள் போன பிறகும், நீர் வற்றி ஆழம் குறையும் சில ஆண்டுகளில், அங்கே பூநாரைகள் வந்து நிற்பதுண்டு. வைகாசி வரைக்கும் போய்க்கொண்டிருங்கள்.

கேள்வி: எங்கள் தெருவுக்கு மாசிக் கடைசியில் குயில் வந்துவிடுகிறது. விடியற்காலை நான்கு மணிக்கே கூவத் தொடங்கி உறக்கத்தைக் கெடுக்கிறது. மற்ற மாதங்களில் அது எங்கே போகிறது? மேலும், அது கூவும் வேப்பமரத்திலேயே உடலெங்கும் வெள்ளைப் புள்ளியிட்ட பழுப்புப் பறவை ஒன்று பதுங்கிக்கொண்டிருக்கிறது. அது என்ன?
(ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

இரண்டாம் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: அதுவும் குயில்தான். கன்னங்கரேல் என்று, சிவந்த கண்ணோடு இருப்பது ஆண். புள்ளியும் கோடுமாகப் பழுப்பு நிறத்தில் இருப்பது பெண். நாம் இனிமை என்று புகழும், படிப்படியாக உச்சத்துக்கு ஏறும் கூவல் ஆணுடையது. பெண், ‘கிக் கிக் கிக்’ என்று அவசர அவசரமாக ஒலி எழுப்பும்; அந்தக் குரலைப் புகழ்ந்து யாரும் பாடியதாகத் தெரியவில்லை.

இனி முதற்கேள்வி. உங்கள் தெருக் குயில் எங்கும் போகவில்லை. ஆண்டு முழுவதும் அதே ஆலிலும் அரசிலும் பழம் தின்றுகொண்டு, இலைச் செறிவுக்குள் வாய் திறவாமல் இருந்தது. இனப்பெருக்கக் காலம் நெருங்கியதும் குரல் திறக்கிறது. காதில் விழுந்த அன்றே அது வந்தது என்று நாம் கணக்கு வைத்துக்கொள்கிறோம். வாத்து கண்ணெதிரே குறைவதும், குயில் திடீரென்று முளைப்பதும் ஒரே மாதத்தில் நிகழ்வதால், ஒன்று போகிறது, ஒன்று வருகிறது என்று தோன்றுவது இயல்பே.

இந்தக் குரலுக்கும் உங்கள் தெருக் காகத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்லாமல் விட முடியாது. குயில் கூடு கட்டுவதில்லை. காகத்தின் கூட்டில் முட்டையிடுகிறது. ஆகவே காகம் எப்போது சுள்ளி பொறுக்குகிறதோ அப்போதுதான் குயிலுக்குப் பருவம். கோடையில் மின்கம்பத்துக்கு அருகிலும் மாமரக் கவையிலும் காகம் கம்பித் துண்டுகளைக்கூடச் சேர்த்துக் கூடு கட்டும்போது, ஆண் குயில் அருகில் வந்து அமர்ந்து காகங்களைத் தன் பின்னால் துரத்த வைக்கும். அந்த இடைவெளியில் பெண் உள்ளே நுழைந்து முட்டையிட்டுவிடும் என்று நெடுநாள் கவனித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். குயில் முட்டை காகத்தின் முட்டையைவிடச் சிறியது. ஆனால் முன்னதாகவே பொரிந்துவிடும். உணவுக்கான போட்டியில் அதுவே குயில் குஞ்சுக்குக் கிடைக்கும் முதல் லாபம். வேறு சில குயிலினங்களின் குஞ்சுகள் செய்வதுபோல் மற்ற முட்டைகளை முதுகால் தள்ளி வெளியேற்றும் வழக்கம் நம் குயிலுக்குப் பொதுவாக இல்லை. காகக் குஞ்சும் குயில் குஞ்சும் ஒரே கூட்டில் சேர்ந்தே வளர்வதைக் காணலாம். ஆனி, ஆடி மாதங்களில் மதில் மேல் அமர்ந்து, தன்னைவிடப் பெரிய குரலில் அழும் பறவைக்குக் காகம் ஊட்டுவதைப் பார்த்தால், நின்று பாருங்கள்.

நான்கு மணிக் கூவலுக்கு என்னிடம் மருந்தில்லை. பருவம் முடிந்தால் தானாக அடங்கும்.

கேள்வி: எங்கள் பகுதிக் கண்மாயைச் சீரமைத்து, சுற்றிலும் கல் பதித்து, நடைபாதை போட்டு, நடுவில் தீவும் நீரூற்றும் அமைத்தார்கள். தண்ணீர் முன்பைவிட அதிகம் நிற்கிறது. ஆனால் பறவைகள் குறைந்துவிட்டன. தண்ணீர் கூடினால் பறவையும் கூட வேண்டாமா?
(ஒரு வாசகர், மதுரை)

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் இதுவே முதன்மையானது என்பது என் எண்ணம். ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீர்ப்பறவைகளுக்கு வேண்டியது நீரின் அளவு என்று நினைக்கிறோம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது நீரின் விளிம்பு. விரல் நனையும் ஆழத்தில் சிறு உள்ளான்கள் சேற்றைக் கொத்துகின்றன. கணுக்கால் ஆழத்தில் நெடுங்கால் உள்ளான் நடக்கிறது. முழங்கால் ஆழத்தில் நாரையும் கரண்டிவாயனும் அலகைத் துழாவுகின்றன. வாத்துகளில் நம்மிடம் வருபவை பெரும்பாலும் தலையைக் கவிழ்த்து வாலை உயர்த்தி அடிச்சேற்றை எட்டுபவை என்பதால், கழுத்துக்கு எட்டாத ஆழம் அவற்றுக்கு மிதக்கவும் இளைப்பாறவும் மட்டுமே பயன்படும். ஆழ்ந்த நீரில் இரை தேடக் கூடியவை முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம், பாம்புத்தாரா, கூழைக்கடா போன்ற சிலவே. உங்கள் கண்மாயில் இப்போது மிஞ்சியிருப்பவை இவைதாம் என்று நான் ஊகித்தால் தவறாக இருக்காது.

பழைய கண்மாயின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மண் கரை. மறுபக்கம் வயலோடும் புறம்போக்கோடும் மெல்ல மெல்லச் சரிந்து கலக்கும் நீர்ப்பிடிப் பகுதி. அக்டோபரில் பெய்யத் தொடங்கும் மழை டிசம்பருக்குள் கண்மாயை நிரப்பி, மிகைநீர் வெளியேறும் கலங்கலைத் தாண்டி வழியும். பிறகு தை, மாசி, பங்குனி என்று நீர் வற்ற வற்ற, அந்தச் சரிவில் ஒவ்வொரு நாளும் ஓரடி, இரண்டடி அகலத்துக்குப் புதிய சேறு வெளிப்படும். புழுவும் நத்தையும் பூச்சியின் இளம்பருவங்களும் நிறைந்த அந்தச் சேறுதான், நெடும்பயணத்துக்கு முன் கொழுப்புச் சேர்க்க வேண்டிய கரைப்பறவைகளுக்குப் பந்தி. செங்குத்தாகக் கல் பதித்த கரையில் நீர் வற்றினால் கல்லில் ஒரு கோடுதான் இறங்கும். பந்தி விரிக்க இடம் கிடையாது.

அடுத்தது செடிகள். கோரையையும் சம்பையும் களை என்று வேரோடு அகற்றிவிடுகிறார்கள். நீலத் தாழைக்கோழி, கானாங்கோழி, கதிர்க்குருவி ஆகியவை கூடு வைப்பதும், நாமக்கோழிக் குஞ்சுகள் பருந்துக்கு ஒளிவதும் அதற்குள்தான். நீர்மேல் மிதக்கும் செடிகளைச் சேர்த்துத் தெப்பம்போல் கூடு கட்டும் முக்குளிப்பான் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துவதைப் பார்க்க விரும்பும் ஊர், கரையோரம் ஒரு முழமாவது பாசியையும் கோரையையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். (ஆகாயத்தாமரையை இந்தப் பரிந்துரையில் சேர்க்க வேண்டாம். அது குளத்தை மூடி மூச்சடைக்கச் செய்வது. அதை எடுப்பவர்களுக்கு நன்றி சொல்லலாம்.)

நான் நெடுங்காலமாகப் போய்வரும் ஒரு குளத்திலும் உங்கள் கண்மாயில் நடந்ததே நடந்தது. திறப்பு விழா முடிந்த அடுத்த கோடையில், கரையில் வழக்கமாக முட்டையிடும் செம்மூக்கு ஆள்காட்டி இணை ஒன்று, வேறு வழியின்றி வாகன நிறுத்துமிடத்துச் சரளைக் கற்களுக்கிடையே நான்கு முட்டைகளை இட்டு, உச்சி வெயிலில் குளத்துக்கும் கூட்டுக்குமாக ஓடி, வயிற்றிறகை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்வித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் ஒரு வாகனம் பின்னோக்கி வந்தது. அதன் ஓட்டுநரைக் குறை சொல்ல மாட்டேன். சரளையின் நிறத்திலேயே இருக்கும் முட்டையை யாராலும் எளிதில் பார்க்க முடியாது.

நீங்கள் கேட்க வேண்டியது முழுக் கண்மாயையும் அல்ல. ஒரு பக்கக் கரையை மட்டும், கல் பதிக்காமல், விளக்குக் கம்பம் இல்லாமல், சரிவாக விட்டுவைக்கச் சொல்லுங்கள். நடைபயிற்சிக்கு மற்ற மூன்று பக்கங்கள் போதும். திருப்பூரில் நஞ்சராயன் குளம் பறவைகளுக்காகச் சரணாலயமாக்கப்பட்டு 2024-இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. தொழில் நகரத்தின் ஓரத்துக் குளத்துக்கே அது சாத்தியமாயிற்று என்பதை மனுவில் குறிப்பிட மறவாதீர்கள்.

கேள்வி: பூங்காவுக்கும் ஏரிக்கும் சேர்த்து ஒரே பைனாகுலர் வாங்க வேண்டும். 8 மடங்கா, 10 மடங்கா?
(ஒரு மாணவர், திருச்சிராப்பள்ளி)

எட்டு. பெட்டியில் ‘8×42’ என்று அச்சிட்டிருப்பதில் 8 என்பது பெரிதாக்கும் மடங்கு. 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். பத்து மடங்கில் கையின் நடுக்கமும் பத்து மடங்காகும். பார்வைப் பரப்பும் சுருங்கும். இலைகளுக்கிடையே தாவும் தேன்சிட்டைப் பத்து மடங்கில் தேடிப் பிடிப்பதற்குள் அது அடுத்த மரத்துக்குப் போயிருக்கும். கடையில் வாங்கும்போது வெளிச்சத்தில் பார்க்காமல், கடையின் இருண்ட மூலையைப் பாருங்கள். நல்லதும் மட்டமானதும் அங்கே தெரிந்துவிடும்.

கேள்வி: பூங்காவில் நடக்கையில் தரையில் ஒரு குஞ்சு உட்கார்ந்திருந்தது. தொட்டால் தாய் சேர்க்காது என்று என் மாமியார் தடுத்தார். வீட்டுக்கு எடுத்துவந்து வளர்க்கலாம் என்று பிள்ளைகள் அழுதார்கள். எது சரி?
(ஒரு வாசகி, சேலம்)

உங்கள் மாமியார் சொன்ன காரணம் சரியில்லை. அவர் தடுத்தது சரி. மனிதர் தொட்ட வாசனையால் தாய்ப்பறவை குஞ்சைக் கைவிடும் என்பது வெறும் நம்பிக்கை. எனினும் சித்திரை, வைகாசியில் தரையில் காணப்படும் குஞ்சுகளில் பெரும்பாலானவை தவறி விழுந்தவை அல்ல. உடல் முழுக்க இறகு மூடி, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்தி நகரும் குஞ்சு, பறக்கப் பழகுவதற்காகக் கூட்டை விட்டுத் தானே இறங்கியது. மைனாவும் கொண்டைக்குருவியும் தவிட்டுக்குருவியும் இந்த நாட்களில் குஞ்சுக்குத் தரையிலும் புதரிலும் வந்து ஊட்டும். நீங்கள் அருகில் நிற்கும்வரை அவை வரமாட்டா. இருபதடி தள்ளிப்போய் அரைமணி நேரம் பாருங்கள். பூனையோ நாயோ இருந்தால், பக்கத்துப் புதரின் மேல் கிளையில் ஏற்றிவிட்டு விலகுங்கள். இறகு முளைக்காத, கண் திறவாத குஞ்சாக இருந்து, கூடும் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தால், திரும்ப வைத்துவிடலாம்; தாய் ஏற்கும்.

வீட்டில் வளர்ப்பது பற்றிப் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: பச்சைக்கிளி, மைனா உள்ளிட்ட நம் நாட்டுக் காட்டுப்பறவைகளைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காயம்பட்ட பறவை என்றால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அழுத பிள்ளைகளுக்கு வேறு வேலை கொடுங்கள்: இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மேல் போகாத மண்தட்டில் நீர் ஊற்றி, பூனை பதுங்க முடியாத நிழலில் வைத்து, நாள்தோறும் கழுவி மாற்றட்டும். நாள்தோறும் மாற்றினால் கொசு பெருகாது.

கேள்வி: ஆறுமணிக்குருவி எங்கள் வளாகத்தில் இருப்பது குரலால் தெரிகிறது, கண்ணில் படவில்லை. கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டால் வெளியே வரும் என்கிறார்கள். செய்யலாமா?
(ஒரு வாசகர், சென்னை)

வேண்டாம். குரலைக் கேட்டு அது வெளியே வருவது, தன் எல்லைக்குள் மற்றொன்று புகுந்துவிட்டது என்று எண்ணிச் சண்டைக்கு. நம்மிடம் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, மழைக்காலத்துக்குள் மத்திய இந்தியாவையும் இமயமலை அடிவாரத்தையும் சென்றடைந்து கூடு கட்ட வேண்டிய பறவை அது. கிளம்பும் நேரத்தில் அதன் தெம்பை நம் படத்துக்காகச் செலவழிப்பது நியாயமில்லை. விடியலிலும் மாலையிலும், ஏறத்தாழ ஆறு மணியளவில் குரல் கொடுக்கும் பழக்கத்தால்தான் அதற்கு அந்தப் பெயரே. உதிர்ந்த இலையைக் கிளறி இரை தேடும் பறவை ஆகையால், சருகு பெருக்கப்படாத மூலை எதுவென்று தோட்டக்காரரிடம் கேட்டு, ஐந்தரை மணிக்கே போய் அசையாமல் உட்காருங்கள். இரண்டு மாலைகள் வீணாகலாம்.

கேள்வி: பணி ஓய்வு பெற்றவன். நாள்தோறும் வீட்டருகே உள்ள குளத்தைச் சுற்றி நடக்கிறேன். பார்ப்பதைக் குறித்துவைக்க ஆசை. எதை எழுதுவது, எதை விடுவது?
(ஒரு வாசகர், தஞ்சாவூர்)

எல்லோரும் எழுதுவது முதலில் பார்த்த நாள். ‘நவம்பர் 3, ஊசிவால் வாத்து வந்தது’ என்று எழுதுவது எளிது. பார்த்த அன்றே தெரிந்துவிடும். கடைசியாகப் பார்த்த நாள் அப்படியில்லை. இன்று குளத்தில் நிற்கும் நீலச்சிறகு வாத்து நாளையும் இருக்குமா என்று இன்று தெரியாது. இன்றே கடைசி நாள் என்பது பத்து நாள் கழித்துத்தான் புரியும். ஆகவே மாசி முதல் வைகாசி வரை, இருந்ததையும் இல்லாததையும் ஒவ்வொரு நாளும் எழுதினால்தான் பறவை கிளம்பிய நாள் பிடிபடும். குளத்துக்கு அன்றாடம் போகிறவரால் மட்டுமே செய்யக்கூடிய வேலை இது. வாரக் கடைசியில் காரில் வரும் எங்களைப் போன்றவர்களால் ஆகாது.

தேதி, நேரம், பறவையின் பெயர், எண்ணிக்கை ஆகியவற்றோடு நீர்மட்டத்தையும் குறியுங்கள். மதகின் படிக்கட்டில் எத்தனை படி வெளியே தெரிகிறது என்று எழுதினால் போதும். கருவி எதுவும் வேண்டாம். பறவை பார்ப்பவர்களின் பதிவுகளைத் திரட்டும், 2002-இல் தொடங்கப்பட்ட ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் அதே பட்டியலை ஏற்றிவிட்டால், உங்கள் குறிப்பு ஆய்வாளர்களுக்கும் கிடைக்கும். அடுத்த தை மாதம் பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும் நீங்கள் கலந்துகொள்ளலாம். அதுவரை, ஏப்ரலுக்குரிய பக்கங்களை மட்டும் படியெடுத்து எனக்கு அனுப்புங்கள். தஞ்சைக் குளத்தில் நீலச்சிறகு வாத்து எந்தத் தேதிவரை நின்றது என்பதை ஆனி இதழில் வெளியிடுகிறேன்.